இடமும் அரங்கமும்: பள்ளிகளில் மேடைத் தொழில் வகுப்பு

உயர்நிலைப் பள்ளிகளில் நாடகம் ஆடப்படுவது புதிதன்று. ஆண்டுவிழா அணுகின் தமிழாசிரியர் தம் பெட்டியினின்றும் பழைய நாடகப் படியொன்றை வெளியிலெடுப்பதும், குரல் நல்லார் நால்வரும் முகம் நல்லார் மூவரும் தெரிந்தெடுக்கப்படுவதும், ஏனையோர் பார்வையாளராய் அமர்வதும் ஆண்டுதோறும் நாம் காண்பனவே. ஆயின், அந்நாடகம் நிற்பதற்குரிய மேடையைக் கட்டுதலும், தட்டிகளை நிறுத்துதலும், படுதா எழுதுதலும், விளக்கமைத்தலும், உடை தைத்தலும் மாணவர்க்கு முறையாகக் கற்பிக்கும் பள்ளி நம் நாட்டில் மிக அரிது. கற்பித்தல் வேண்டும் என்பாரை நோக்கித் தலைமையாசிரியர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: "இடம் எங்கே?" அவ்விடையை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

மேடைத் தொழில் என்று யான் குறிப்பது, நடிப்பு நீங்கலாக ஒரு நாடகத்திற்கு வேண்டும் கைத்தொழில் அனைத்தையுமாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இஃது ஒரு தனிப்பாடமாகவே கால அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. மரம் அறுக்கவும் வண்ணம் பூசவும் விளக்கைத் திருப்பவும் அறிந்தவனுக்கு அங்கே மதிப்பெண் உண்டு. இங்கிலாந்தில் 16 வயதளவில் எழுதப்பெறும் நாடகத் தேர்வின் செய்முறைப் பகுதியில், மேடையேறி ஒரு சொல்லும் பேசாத மாணவன் ஒளியையோ ஒலியையோ உடையையோ அமைத்துக் காட்டித் தேறலாம். நம் பள்ளிகளிலோ திரைக்குப் பின் நிற்பவன் 'உதவிக்கு வந்த பையன்' என்னும் அளவில் ஒழிகின்றான். நிகழ்ச்சி நிரலில் அவன் பெயர் அச்சேறுவதுமில்லை.

இவ்வாறு நாமே செய்யக் கல்லாமையின் விளைவு யாதெனின், அனைத்தும் வாடகைக்கு வருகின்றன. யான் பயின்ற பள்ளியொன்றில் மனுநீதி கண்ட சோழன் நாடகம் நடைபெற்றது. வாடகைக்கு வந்த அரண்மனைப் படுதாவில் பளிங்குத் தூண்களும், நீர் பொங்கும் ஊற்றும், அதன் நடுவே ஐரோப்பிய மங்கையொருத்தியின் சிலையும் தீட்டப்பெற்றிருந்தன. கன்றையிழந்த பசுவுக்கு அச்சோழன் அவ்வூற்றின் அருகிருந்து நீதி வழங்கினான். அவையில் ஒருவரும் நகைத்திலர்; எல்லாருக்கும் அது பழகிப்போன ஊற்று. அன்றிரவே படுதா வண்டியேறிற்று. வாடகைப் பணமும் உடன் சென்றது. பள்ளியில் எஞ்சியவை சுவரிற் சில ஆணித்துளைகளே.

இனி, இடத்தின் கணக்கைப் பார்ப்போம். தமிழ் பயில்வார்க்கு இக்கணக்கு ஒரு நூலிலேயே அமைந்து கிடக்கின்றது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவு கூறப்படுகின்றது. 24 விரற்கடை கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். அரங்கின் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். விரல் ஒன்றை முக்கால் அங்குலம் எனக் கொள்வோமாயின் கோல் ஒன்றரை அடியாகும். அரங்கமோ பத்தரை அடி அகலமும் 12 அடி நீளமும் உடையதாகும். விரலைச் சற்றுப் பருத்ததாக்கி ஓர் அங்குலம் என்று கொள்ளினும் 14 அடிக்கு 16 அடியே வரும். நம் பள்ளிகளிற் காணும் வகுப்பறை 20 அடிச் சதுரமாயின் அதன் பரப்பு 400 சதுர அடி. சோழன் அவையில் மாதவி ஆடிய அரங்கை முதற்கணக்கின்படி அதனுள் வைத்தால் 126 சதுர அடி போக 274 சதுர அடி வெறுமையாய்க் கிடக்கும். பெருங்கணக்கின்படி வைத்தாலும் 176 சதுர அடி மிஞ்சும். இடம் இல்லை என்னும் சொல்லை இனி அளவுகோலோடு நின்று சொல்லுதல் நன்று.

'அது தனியொருத்தி ஆடிய அரங்கம். பதின்மர் நடிக்கும் நாடகத்திற்கு அது போதுமோ?' என்று வினவுவார் உளர். வினா நேரியதே. ஆயினும், சப்பானியரது நோ நாடகத்தின் மேடை ஏறத்தாழ 18 அடிச் சதுரமே; அதிற் பல நூற்றாண்டுகளாகப் போர்களும் பேய்களும் துறவிகளும் தோன்றி மறைந்து வருகின்றனர். வடமொழியில் நாட்டிய நூல் செய்த பரதரும் பெரிய, நடுத்தர, சிறிய எனும் மூவகை அரங்குகளைக் கூறி, 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உடைய நடுத்தர அளவே மாந்தர்க்குத் தக்கதென்கிறார். அதனினும் பெருகின் நடிப்போன் சொல் தெளிவாய்க் கேளாது, முகத்தின் மெய்ப்பாடும் புலப்படாது என்பது அவர் காட்டும் காரணம். அதுவன்றியும், யான் கேட்பது நாடகம் ஆடுதற்குரிய மண்டபமன்று. செய்து பழகுதற்குரிய அறையே. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே மயக்கத்தின் வேர். மண்டபமில்லாத பள்ளியில் நடிப்பு வகுப்பு முடங்கலாம். தொழில் வகுப்பு முடங்க வேண்டுவதில்லை.

இடுக்கமான இடத்தில் இத்தொழில் வளர்ந்தமைக்கு நம் நாட்டு நாடகக் குழுக்களே சான்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டில் மதுரையில் அமைத்த பாலசபை முதலியவற்றில் சிறுவர் நடித்தனர். அத்தகைய குழுக்களுக்கு நிலையான அரங்கம் ஏது? ஊர் தோறும் கொட்டகை. ஊர் பெயரும்போது தட்டியும் படுதாவும் உடைப்பெட்டியும் வண்டியேறுதல் வேண்டும். மடியாத பொருளும் சுருளாத பொருளும் அவர்க்குப் பயன்படா. தெருக்கூத்தில் இதனினும் எளிமை: இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அத்திரைக்குப் பின் வேடம் வந்து நிற்கின்றது. தோற்பாவைக் கூத்தோ ஒரு வெள்ளைத் துணியும் ஒரு விளக்கும் கொண்டு இராமாயணம் முழுவதையும் நடத்திவிடும். மடித்தல், சுருட்டுதல், கழற்றிப் பூட்டுதல் என்னும் இக்கலையைத்தான் இடமற்ற பள்ளி முதற்கண் கற்கவேண்டும்.

அறை எவ்வாறு அமையவேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த அளவிற் கூறுவேன். உடைந்த விசிப்பலகைகளும் பழைய தேசப்படங்களும் குவித்துவைத்த ஓர் அறை எப்பள்ளியிலும் இருக்கும். அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். தொழில் மேசையைச் சுவரிற் கீல் வைத்துப் பொருத்தின், வேலை முடிந்தபின் அது சுவரோடு மடிந்துவிடும். உளி, சுத்தியல், வாள், திருப்புளி ஆகியவற்றை ஒரு பலகையில் மாட்டி, ஒவ்வொன்றின் பின்னும் அதன் வடிவத்தை வண்ணத்தால் வரைந்து வைத்தல் நலம். ஒரு கருவி திரும்பி வாராதாயின் வெற்று வடிவமே அதனைக் காட்டிக்கொடுக்கும். தட்டிகளை 8 அடி உயரமும் 3 அடி அகலமுமாகச் செய்தால் சாய்த்து வாயிலின் வழியே கொண்டுபோகலாம். மெல்லிய மரச்சட்டத்தின்மேல் காடாத் துணியை இழுத்தடித்துப் பசை பூசிய தட்டியின் கனம் ஏறக்குறைய ஓர் அங்குலம். பத்துத் தட்டிகளைச் சுவரோடு அடுக்கின் ஓரடி இடமே செல்லும். அவற்றை இவ்வாண்டு அரண்மனையாக எழுதலாம். அடுத்த ஆண்டு அதன்மேல் வண்ணம் பூசிக் குடிசையாக்கலாம். வாடகைப் படுதாவின் மங்கை அப்போது ஓய்வு பெறுவாள்.

மாணவர் தொகை 15க்கு மேற்படலாகாது. அவருள்ளும் பாதிப்பேர் மரத்தில் வேலை செய்ய, மற்றைப் பாதியார் மேசையருகே அமர்ந்து சிற்றுருச் செய்தல் வேண்டும். இச்சிற்றுரு இடமின்மைக்கு வாய்த்த பெரு மருந்தாகும். அடிக்கு அரை அங்குலம் என்னும் அளவிற் செய்தால், முன் கூறிய மாதவியின் அரங்கம் ஆறங்குல நீளமும் ஐந்தேகால் அங்குல அகலமுமாய் ஓர் உள்ளங்கையில் அடங்கும். அதன் மேல் உத்தரம் மூன்றங்குல உயரத்தில் நிற்கும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளின் பெயரை நாங்கள் ஆனர்ஸ் வகுப்பில் உரையோடு மனப்பாடம் செய்கின்றோம். ஒன்று ஒரு பக்கத்திருந்து உருவப்படுவது, ஒன்று இரு பக்கத்தும் உருவப்படுவது, ஒன்று மேலே கட்டப்படுவது என்றும் எழுதுவோம். கையில் நூலும் துணித்துண்டும் கொண்டு அம்மூன்றையும் இழுத்துப் பார்க்கும் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் எம்மினும் அதனைத் தெளிவாய் அறிவான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒளியைக் கற்பிப்பதற்கு வேண்டும் இடம் இன்னும் சிறிது. சாளரங்களைக் கறுப்புத் துணியால் மூடி, அறையின் ஒரு மூலையில் ஒரு மாணவனை அமர்த்தி, மின்கல விளக்கு ஒன்றை அவன் முகத்திற்குக் கீழிருந்து காட்டினால் பேய் தோன்றும்; உச்சியிலிருந்து காட்டினால் கண்கள் குழியில் மறையும்; பக்கத்திருந்து காட்டினால் பாதி முகமே உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மேடை ஒளியைக் கற்பித்த ஸ்டான்லி மெக்கான்ட்லெஸ் என்பார் 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கூறிய முறையோ எளிது. நடிப்போனுக்கு முன்னே இரு பக்கத்தும் 45 பாகைச் சாய்வில் இரண்டு விளக்குகள் வைத்து, ஒன்றில் வெம்மை தோன்றும் நிறத்தையும் மற்றதிற் குளிர்ச்சி தோன்றும் நிறத்தையும் ஊட்டினால், முகம் இயல்பாகவும் திரட்சியாகவும் தோன்றும். இதனைச் செய்து காட்ட நான்கடி மூலை போதும். சிலப்பதிகார அரங்கிலும் தூண்களின் நிழல் ஆடுமிடத்தே விழாது புறத்தே விழும்படி விளக்கு நிறுத்தப்பெற்றது என்பர். சிற்றுருவின் நான்கு மூலைகளிலும் நான்கு குச்சிகளை நட்டு, விளக்கை அங்குமிங்கும் நகர்த்தி அந்நிழலைப் புறத்தே தள்ளும் வழியை மாணவரே கண்டுபிடிக்கட்டும். பழைய பல்புகள் கொதிக்கும். அவற்றின் முன் நிறத்தாள் கருகும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் அத்துணைச் சூடேறாமையும் மின்சாரம் குறைவாய்க் கொள்ளுதலும் சிறிய அறைக்குப் பெரிதும் ஏற்றவை.

இடத்தினும் வலிய தடை அச்சமே என்பதை மறைத்தல் தகாது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சிகாகோ நகரத்து இரோக்குவா அரங்கில் ஒரு மேடை விளக்கின் பொறி திரைத்துணியிற் பற்ற, வாயில்கள் பூட்டியும் மறைந்தும் கிடந்தமையால் 602 பேர் மாண்டனர். 2004ஆம் ஆண்டில் குடந்தைப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த நம் நாட்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. ஆதலின் அறைக்கு இரண்டு வாயில் இல்லையேல், சாளரக் கம்பியை அகற்றியேனும் இரண்டாம் வழி செய்தபின்னரே வகுப்புத் தொடங்கவேண்டும். மரச்சீவலை அன்றன்றே வெளியேற்றல் வேண்டும். சுவர் மின்சாரத்தை மாணவர் தொடலாகாது. மின்சார வாள் முதலாண்டில் வேண்டவே வேண்டா. இவ்விதிகளைக் கைக்கொள்ள இயலாத பள்ளி இவ்வகுப்பைத் தொடங்காதிருத்தலே நன்று. ஆனால் அஞ்சுகின்றோம் என்று சொல்லுக. இடமில்லை என்று சொல்லற்க.

இன்னுமொரு தடை உண்டு. அது வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. 'தச்சு வேலை கற்கவோ பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?' என்பது பெற்றோர் பலரின் உள்ளக்கிடை. ஆசிரியருள்ளும் இவ்வெண்ணம் இல்லாமலில்லை. கையால் வேலை செய்வாரை ஒருபடி தாழ வைத்துப் பழகிய சாதி வழக்கத்தின் எச்சமே இஃது என்று யான் கருதுகின்றேன். ஒரு வேதியியற் கூடத்தில் மாணவன் கண்ணாடிக் குழாயை வளைத்தால் அது கல்வி. அவனே கீல் ஒன்றைப் பொருத்தினால் அது கூலிவேலையோ? பேச நாணுகின்ற மாணவன், திக்கு வாயன், மேடையேற வீட்டார் இசையாத மாணவி இவர்களெல்லாம் இன்று நாடகத்திற்குப் புறத்தே நிற்கின்றனர். வகுப்பில் வாய் திறவாத எத்தனையோ பேர்க்குக் கை பேசும். அவர்க்கு இவ்வறை ஒன்றே வாயில்.

யார் கற்பிப்பது எனின், ஓவிய ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் ஊர்த் தச்சர் ஒருவரும் கூடினால் போதும். தச்சரை நாட்கூலிக்கு அழைத்துப் பின்வாயிலில் நிறுத்தலாகாது. வாரத்தில் இரண்டு பாடவேளை அவருக்கென்று அட்டவணையிற் குறித்து, ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியிட்டு, மாணவர் அவரை 'ஐயா' என்று எழுந்து வணங்கும்படி செய்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஆயினும் இதுவே எல்லாவற்றினும் கடினமாய் முடியும் என்று அஞ்சுகின்றேன்.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருள் உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியராயும் தலைமையாசிரியராயும் இருப்போர் பலர். அவர்களிடம் யான் வேண்டுவது இவ்வளவே: பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திற்குள், பழைய தேசப்படங்கள் கிடக்கும் அவ்வறையைத் திறந்து, நீளமும் அகலமும் அளந்து பாருங்கள். பன்னிரண்டு அடிக்குப் பத்தரை அடி கிடைக்குமாயின், முதற் பருவத்தில் சிற்றுருவும், இரண்டாம் பருவத்தில் நான்கு தட்டிகளும், மூன்றாம் பருவத்தில் ஆண்டுவிழாவிற்கு ஒரு சோழன் அவையும் அங்கிருந்து வெளிவரக் கூடும்.