வயசான பூனைக்கு வருத்தம் வந்தால்: மல்லியின் கதையும் எங்கள் பிழையும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயசான பூனை வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

மல்லி எங்களை விட்டுப் போன செய்தியைப் போன கிழமை இங்கே இரண்டு வரியில் போட்டிருந்தோம். அதற்குப் பிறகு இன்பொக்ஸில் நிறையக் கேள்விகள். "ஒரு பூனைக்கு இவ்வளவு செலவழிக்கத்தான் வேணுமா?" என்று சிலர். "ஊசி போட்டு அனுப்பினீங்களாமே, அது பாவமில்லையா?" என்று சிலர். எங்களை எழுத உட்கார வைத்தது மூன்றாவது வகைக் கேள்விதான்: "எங்கட பூனைக்கும் இப்படித்தான் இருக்கு. என்ன செய்யிறதென்று தெரியல்ல."

அந்த இடத்தில் நாங்களும் நின்றிருக்கிறோம். அதனால் செய்ததையும் செய்யத் தவறியதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

மல்லி வந்தது 13 வருடங்களுக்கு முன்னர். கல்வியியற் கல்லூரி முடித்து, பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் எங்கள் முதல் நியமனம். தரம் 5 பிள்ளையொன்று பிஸ்கட் பெட்டிக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்து நின்றது. "டீச்சர், லயத்துல எலி இருக்குன்னு தாய்ப்பூனைய வச்சிக்கிட்டோம். குட்டிய வச்சிக்க முடியாதுன்னு அப்பா சொல்லிட்டாரு." மல்லித்தூள் நிறக் குட்டி. பெயருக்கு யோசிக்கவே இல்லை.

போன வருடம் மல்லி தண்ணீர் குடிப்பது கூடியது. வாளியில், பூச்சாடித் தட்டில், எங்கே தண்ணீர் கண்டாலும் குடிக்கும். சிறுநீரும் அதற்கேற்ப. உடம்பு மெலிந்தது. "வயசு போயிட்டுது, அப்படித்தான்" என்று நாங்களே நமக்குச் சொல்லிக்கொண்டோம். வாந்தி தொடங்கி, வாயில் ஒரு கெட்ட வாடை வந்த பிறகுதான் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார். கிரியேட்டினின் கூடியிருந்தது. சிறுநீரக நோய்.

வயசான பூனைகளுக்கு மிக அதிகமாக வரும் நோய்களில் இதுவும் ஒன்று. இதில் உள்ள ஏமாற்று என்னவென்றால், சிறுநீரகத்தின் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. போனது திரும்பி வராது. மிருக வைத்தியர்கள் இதை 4 கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு கட்டத்தில் கண்டுபிடித்தால், சாப்பாட்டை மாற்றி, இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு, பல பூனைகள் வருடக் கணக்கில் நன்றாக இருக்கும். நாங்கள் போனது மூன்றாம் கட்டம் முடியப் போகும் நேரம்.

அங்கேயிருந்துதான் முடிவெடுக்கும் வேலை தொடங்கியது.

முதல் கேள்வி: பேராதனைக்குக் கொண்டு போவதா? பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையில் ஸ்கேன் முதல் எல்லாம் பார்க்கலாம். ஆனால் பதுளையிலிருந்து மலைப்பாதை வளைவுகளில் நான்கைந்து மணித்தியாலம். திரீவீலில் பஸ் நிலையம் வரை போகவே கத்தித் தீர்க்கும் பூனை அது. ஒரு தடவை வேன் பிடித்துப் போனோம். நோயின் நிலை சரியாகத் தெரிந்தது, அந்தப் பயணம் வீண் இல்லை. இரண்டாம் தடவை போவதற்கு முன்னர் இங்குள்ள வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "இன்னொரு பரிசோதனை செய்தால் மருந்து மாறுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, இலக்கம் மட்டும்தான் தெரியும்" என்றார். போகவில்லை. இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். நல்ல வைத்தியர் எவரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது, வீட்டில் சேலைன் ஏற்றுவது. தோலுக்குக் கீழே 100 மில்லி, ஒருநாள் விட்டு ஒருநாள். வைத்தியர் செய்து காட்டினார். ஜன்னல் ஆணியில் பையைத் தொங்கவிட்டு, துவாயில் மல்லியைச் சுற்றிப் பிடித்து, முதல் நாள் எங்கள் கைதான் நடுங்கியது. ஆனால் பலன் கிடைத்தது. வாந்தி குறைந்து, சாளை மீன் வாசத்துக்குக் குசினிக்கு ஓடி வந்தது. மூன்று மாதம் அப்படி ஓடியது. அந்த மூன்று மாதத்துக்குச் செலவழித்ததை இன்றும் வீண் என்று நினைக்கவில்லை.

செலவைக் கேட்டவர்களுக்கு: பேராதனைப் பயணத்தோடு சேர்த்து 40,000 ரூபாவுக்கு மேல் போனது. தோட்டத் தொழிலாளரின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது 2024 செப்டெம்பரில்தான். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்து பூனைக்கு இவ்வளவு கட்டும்போது மனம் உறுத்தத்தான் செய்தது. 2022 இல் மனிதருக்கே மருந்தில்லாமல் ஆஸ்பத்திரிகள் திண்டாடியதும் மறக்கவில்லை. அதனால் தொடக்கத்திலேயே ஒரு எல்லை போட்டோம்: இவ்வளவுதான், இதற்கு மேல் கடன் வாங்கமாட்டோம் என்று. எல்லை போடுவது இரக்கமில்லாத வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. எல்லை இல்லாதவர்தான் கடைசி நேரத்தில் பயத்தில் கண்டதையெல்லாம் செய்வார்.

மூன்று மாதம் கழிந்து திரும்பவும் இறக்கம். இந்த இடத்தைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பூனை வலியை மறைக்கும் பிராணி. நாய் மாதிரி அழாது. கனடாவில் மொன்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் பூனையின் முகத்தைப் பார்த்து வலியை அளக்க ஒரு முறை வெளியிட்டார்கள். ஐந்து விடயம் பார்க்க வேண்டும்: காது வெளிப்பக்கம் திரும்பித் தட்டையாகிறதா, கண் இடுங்குகிறதா, மூக்கும் வாயும் இறுகுகிறதா, மீசை விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. சும்மா படுத்திருக்கிறது என்று நாங்கள் நினைத்த மல்லியிடம் இந்த ஐந்தில் நான்கு இருந்தது.

இன்னொன்று, அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபோஸ் 2004 இல் தந்த ஏழு கேள்விகள். வலி கட்டுப்பாட்டில் உள்ளதா? சாப்பிடுகிறதா? உடம்பில் நீர் இருக்கிறதா? சுத்தமாக இருக்க முடிகிறதா? எதிலாவது சந்தோஷம் இருக்கிறதா? நடமாட முடிகிறதா? கெட்ட நாளை விட நல்ல நாள் கூடவா? ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. மொத்தம் 35 க்கு மேல் என்றால் தொடர்ந்து பராமரிக்கலாம். புள்ளி போடுவது எங்களுக்குப் பழகிய வேலைதானே. கலண்டரில் ஒவ்வொரு நாளும் எழுதினோம். 41, 38, 36, 29, 24. கடைசியில் 19.

பிள்ளைக்கு 19 என்றால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவோம். மல்லிக்கு 19 என்றபோது நாங்கள் கலண்டரைத் திருப்பி வைத்தோம்.

ஏன்? உம்மா சொன்னார்: "அல்லாஹ் தந்த உசிரு. அவனே எடுத்துக்கொள்ளுவான் மகள், நாங்க ஏன்?" அந்த வார்த்தைக்கு எதிராகப் பேச வாய் வரவில்லை. தவணைப் பரீட்சைத் தாள் திருத்தவும் இருந்தது. "வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம்" என்றோம். வெள்ளி போய் அடுத்த வியாழனும் வந்தது. அந்தக் கிழமை முழுதும் மல்லி குளியலறைச் சீமெந்தில் கிடந்தது. சிரிஞ்சியில் கஞ்சி கொடுத்தோம், முகத்தைத் திருப்பியது. திருப்பிய முகத்தைப் பிடித்துத் திரும்பவும் கொடுத்தோம்.

அந்தக் கிழமை மல்லிக்காகக் கொடுத்தது அல்ல, எங்கள் பயத்துக்காக எடுத்துக்கொண்டது. இந்தப் பதிவில் சொல்ல வந்ததே இதுதான்.

மார்க்க விடயத்தைப் பற்றி: நாங்கள் ஆலிம் இல்லை, பத்வா சொல்லவும் வரவில்லை. குணமாகாத நோயில் துடிக்கும் பிராணியை வலியில்லாமல் முடித்து வைப்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கூடும் என்பவர்களும் இருக்கிறார்கள், கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் நம்பும் ஒரு மௌலவியிடம் நோயின் நிலையை முழுதாகச் சொல்லிக் கேட்டு, அவர் தந்த விளக்கத்தின்படி செய்தோம். நீங்களும் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கடைசி நாள் வரை தள்ளிப் போடாமல் முன்கூட்டியே கேளுங்கள்.

யாரும் கருத்து வேறுபடாத விடயங்களும் இருக்கின்றன. பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். வுழூவுக்கு வைத்த தண்ணீரில் வாய் வைக்க வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்த அபூ கதாதா (ரழி) அவர்களின் சம்பவமும் தெரியும். அறுக்கும்போது கூட பிராணிக்கு இலகுவாக்கச் சொன்ன மார்க்கம் இது. அப்படியிருக்க, வயசான பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கமோ தேயிலைக் காட்டுப் பக்கமோ விட்டுவிட்டு, "அல்லாஹ் பார்த்துக்கொள்ளுவான்" என்று வருவது எந்தக் கணக்கில் சேரும்? இந்த ஊரில் அது நடக்கிறது. நமக்கெல்லாம் தெரியும்.

ஊசியைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வைத்தியர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி. மடியிலேயே தூங்கியது. நன்றாகத் தூங்கிய பிறகு, மயக்க மருந்தை அளவுக்கு மிஞ்சிய அளவில் ஏற்றினார். சில நிமிடத்தில் இதயம் நின்றது. கண் மூடாது, கடைசியில் ஒரு பெருமூச்சு மாதிரி வரலாம், அது வலியால் அல்ல என்று முன்னரே சொல்லியிருந்தார். சொல்லியிராவிட்டால் பயந்திருப்போம். கூடாது என்று சொன்ன உம்மாதான் கடைசி வரை தலையைத் தடவிக்கொண்டிருந்தார். கொய்யா மரத்தடியில் அடக்கினோம்.

இரண்டு நாள் கழித்துப் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். ஒரு தாய் விடயம் கேள்விப்பட்டு வந்து, தங்கள் பூனையும் போன மழைக்காலத்தில் செத்ததைச் சொன்னார். "டவுனுக்குக் கொண்டு போக வசதியில்ல டீச்சர். அடுப்படியில சூட்டுக்குச் சாக்குப் போட்டு வச்சோம். பஞ்சில தண்ணிய நனைச்சு வாயில தொட்டு வச்சோம். வேணாம்னா விட்டுட்டோம்." நாங்கள் சிரிஞ்சியோடு போராடியதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. காசில்லாதவர் வைத்தியம் செய்யாதது கைவிட்டது ஆகாது. பக்கத்தில் இருந்து, சூடும் தண்ணீரும் கொடுத்து, தொல்லைப்படுத்தாமல் விடுவதும் பராமரிப்புத்தான்.

இனி, பயன்படக்கூடிய சில விடயங்கள்.

பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மனிதனின் ஈரல் அந்த மருந்தை உடைப்பது போல் பூனையின் ஈரலால் உடைக்க முடியாது. ஒரு மாத்திரையே கொல்லப் போதும். பாசத்தில் கொடுத்துக் கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

பூனைக்கு 8 வயசு தாண்டினால் மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தராசில் முதலில் நீங்கள் ஏறி, பிறகு பூனையோடு ஏறினால் போதும். நிறை குறைந்தாலோ தண்ணீர் குடிப்பது கூடினாலோ, "வயசு" என்று சொல்லாமல் இரத்தம் பாருங்கள். இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாத பூனையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பட்டினியில் ஈரல் கெட்டுவிடும்.

நல்லாயிருக்கும் நாளிலேயே வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள். எவ்வளவு செலவழிக்கலாம், எந்த அடையாளம் வந்தால் நிறுத்துவது, யார் கூட இருப்பது. எழுதி வையுங்கள். கெட்ட நாளில் அந்தத் தாள்தான் உங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

கடைசியாக ஒன்று. அரச மிருக வைத்திய அலுவலகங்களின் முதல் வேலை மாடும் ஆடும் கோழியும்தான். அது நியாயம், அது மக்களின் வயிற்றுப்பாடு. ஆனால் ஊவாவில் லயம் லயமாகப் பூனையும் நாயும் இருக்கின்றன. கிழமையில் ஒரு அரை நாளாவது வீட்டுப் பிராணிகளுக்கென்று ஒதுக்கினால், பசறையிலும் லுணுகலையிலும் இருப்பவர் சாக்கைத் தேட மாட்டார். இதை நாம் எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். கடிதம் எழுத நாங்கள் தயார், கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

வீட்டில் வருத்தமாக ஒரு பூனை இருந்தால் இன்றைக்கே அந்த ஏழு கேள்விக்கும் புள்ளி போட்டுப் பாருங்கள். வந்த புள்ளி எதுவாக இருந்தாலும் கலண்டரைத் திருப்பி வைக்காதீர்கள்.