உங்கள் பாட்டியின் தாயார் பெயர் என்ன?

மாணவ நண்பர்களே! ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே அப்பா, அம்மா. அதற்கும் மேலே அப்பாவைப் பெற்றவர்கள், அம்மாவைப் பெற்றவர்கள் என்று நால்வர். இன்னும் ஒரு படி மேலே போனால் எட்டுப் பேர் இருக்க வேண்டும். எட்டுப் பெயரையும் எழுத முடிகிறதா?

நம்மில் பெரும்பாலோர் இரண்டு மூன்று பெயர்களோடு நின்றுவிடுவோம். அவையும் அநேகமாக அப்பா வழி ஆண்களின் பெயர்களாகவே இருக்கும். ஷாஜஹானின் தகப்பனார் யார் என்று கேட்டால் சட்டென்று ஜஹாங்கீர் என்கிறோம். ஆனால் நம் பாட்டியின் தாயார் பெயர் நமக்குத் தெரிவதில்லை!

இந்தத் தாளை நிரப்பும் முயற்சி ஒவ்வொரு மாணவரும் செய்து பார்க்க வேண்டிய விஞ்ஞானப் பயிற்சி என்பது என் கருத்து. "குலம், கோத்திரம் பார்க்கிற வேலை அல்லவா இது? விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வம்சப் பெருமை பேசுவதற்கென்றே எழுதப்பட்ட கொடிவழிகள் ஏராளம். ஆனால் பெருமை பேசுபவர் முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற சான்றைத் தேடுகிறார். ஆராய்ச்சியாளரோ சான்றை முதலில் வைத்து, அது காட்டும் முடிவை ஏற்கிறார். இரண்டாவது வழியில் போனால் என்ன கிடைக்கும்? பார்ப்போம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

குடும்ப வரலாறு ஆராய்வோரின் முதல் விதி, உங்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும் என்பது. புகழ்பெற்ற ஒருவரை உச்சியில் வைத்துக்கொண்டு, "இவர் வழியில் வந்தவர்கள் நாங்கள்" என்று கீழே இறங்கக் கூடாது. ஒரு படியை உறுதி செய்த பிறகே அடுத்த படியில் கால் வைக்க வேண்டும்.

முதல் சாட்சிகள் வீட்டிலுள்ள பெரியவர்களே. யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், தாமே கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். சோதனைக் கூடத்தில் அளவுகளைக் குறிப்பது போன்றதுதான் இதுவும். அவர்கள் சொல்ல விரும்பாததை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். துயரமான நினைவுகள் இல்லாத குடும்பம் ஏது?

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் "என் கல்யாணத்தின்போது நயா பைசா வந்துவிட்டது" என்பார். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி. "தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷம் உன் பெரியப்பா கைக்குழந்தை" என்பார். அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பரில். இப்படி ஊரறிந்த நிகழ்ச்சிகளை முளைக்குச்சிகளாக அடித்து, குடும்ப நிகழ்ச்சிகளை அவற்றோடு கட்டிவிடலாம்.

தமிழ் வருஷப் பெயர் கிடைத்தால் மட்டும் கவனம் வேண்டும். "பாட்டனார் தாது வருஷத்தில் பிறந்தவர்" என்கிறார் ஒருவர். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருகிறது. கொடும் பஞ்சத்தால் பெயர் பெற்ற தாது 1876-77. அடுத்த தாது 1936-37. அதற்கும் அடுத்தது 1996-97. பாட்டனாருக்கு 1925-இல் ஒரு மகன் பிறந்திருந்தால் 1936 தானாகவே அடிபட்டுப் போகும்!

அப்படி வேறு துப்பு இல்லை, ஆனால் பழைய ஜாதகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலன் பார்க்க வேண்டாம். அதை ஒரு வானியல் குறிப்பாகப் பாருங்கள். வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள். எனவே 60 ஆண்டுகளில் வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து, ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடுகின்றன. இவற்றைக் கொண்டு 1876-ஐயும் 1936-ஐயும் பிரிப்பது கடினம். ஆனால் ராகு என்று குறிக்கப்படுவது ஒரு கிரகமே அன்று. சந்திரன் செல்லும் பாதை, சூரியனின் தோற்றப் பாதையை வெட்டுகின்ற புள்ளி அது. அந்தப் புள்ளி ஒரு சுற்று வர ஏறத்தாழ 18 ஆண்டு 7 மாதம் ஆகும். 60 ஆண்டுகளுக்குப் பின் அது வேறு ராசியில் இருக்கும். ராகுவைப் பார்த்தால் எந்தத் தாது என்று தெரிந்துவிடும்!

காகிதமும் சாட்சிதான்

வாய்மொழியோடு நின்றுவிடக் கூடாது. பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய திருமண அழைப்பிதழில் இரு வீட்டுப் பெரியவர்களின் பெயரும் ஊரும் இருக்கும். நிலப் பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று இரண்டு மூன்று தலைமுறைகள் ஒரே வரியில் கிடைக்கும். பத்திரம் தொலைந்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டு வாங்கலாம். அந்த நிலத்தை யார் யாருக்கு விற்றார்கள், எழுதிக் கொடுத்தார்கள் என்ற விவரம் அதில் வரும். பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவையும் உதவும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், 1909-இல் ஆவண அலுவலகமாகத் தொடங்கப்பட்டது. பெரியவர்கள் துணையோடு ஒருமுறை அங்கே சென்று வரலாம். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தனி ஆட்களைப் பற்றி எழுதிய தாள்களை மட்டும் கேட்க வேண்டாம். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை இரகசியமானவை.

ஆனால் எழுதியதெல்லாம் உண்மையாகிவிடாது. ஒவ்வொரு காகிதத்தையும் பார்த்து, "நீ எதற்காக எழுதப்பட்டாய்?" என்று கேளுங்கள். முற்காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயதை உத்தேசமாகக் கணக்கிட்டு ஒரு தேதியை எழுதிவிடுவது சாதாரணம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தையொட்டி அத்தனை தாத்தாக்கள் "பிறந்தது" இப்படித்தான்! ஆகவே ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு சான்றுகள் ஒத்துப்போனால்தான் பேனாவால் எழுதுங்கள். அதுவரை பென்சில் போதும்.

பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். "பேரன்" என்ற சொல்லே "பெயரன்" என்பதிலிருந்து வந்தது. கந்தசாமியின் மகன் முருகேசன், அவர் மகன் மீண்டும் கந்தசாமி. இரண்டு கந்தசாமிகளையும் ஒருவராகக் கருதிவிட்டால் ஒரு தலைமுறையே காணாமற் போய்விடும்.

கப்பலேறியவர்களின் பதிவேடு

நிலம் இருந்தவர்களுக்குப் பத்திரம் உண்டு. கூலி வேலை செய்து பிழைத்தவர்களுக்கு? அவர்களைப் பற்றிய காகிதம் அரிது. ஆனால் ஒரு விசித்திரத்தைப் பாருங்கள்.

1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும் பகுதியினர் சென்னை வழியே போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதிவைத்தார்கள். அன்பினால் செய்ததல்ல அது. ஓடிப்போனால் பிடிப்பதற்கும், ஒப்பந்தக் கணக்குக்கும் செய்தது. ஆனால் இன்று அந்தத் தொழிலாளர்களின் வாரிசுகள் தம் முன்னோரின் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுவது அந்தப் பதிவேடுதான். குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியதால் ஊர்ப்பெயர்கள் உருமாறிக் கிடக்கும். உரக்கப் படித்துப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

கப்பலேறியவரின் விவரம் கிடைக்கிறது. அதே ஊரில் தங்கி, அதே கூலி வேலை செய்த அவருடைய அண்ணனின் விவரம் கிடைப்பதில்லை. காகிதத்தில் இல்லாதவர் வாழாதவர் என்று ஆகிவிடுமா? அவர்களுக்கு மக்களின் நினைவு ஒன்றே ஆவணம். எனவே காகிதம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தாம் முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும்.

மறைந்துபோன பாதி

முன்னோரில் சரிபாதிப் பேர் பெண்கள். பதிவேடுகளிலோ அவர்கள் "இன்னார் மனைவி", "இன்னார் தாயார்". 1951-52-இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. அதற்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் பல பெண்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். பெயர் இல்லாமல் வாக்குரிமை தர முடியாது என்று ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் பார்த்தீர்களா!

நம் வீட்டுப் பெண்களின் பெயரை எங்கே தேடுவது? பரண்மேல் தேடுங்கள். சீராக வந்த பித்தளைக் குடத்திலும் தவலையிலும் பெயர் வெட்டியிருக்கும். பத்திரத்தில் இடம்பெறாத கொள்ளுப்பாட்டி, குடத்தின் கழுத்தில் உங்களுக்காகக் காத்திருக்கலாம்.

பெண் வழியை விட்டுவிட்டு எழுதிய கொடிவழி அரைகுறை என்பது மட்டுமன்று, விஞ்ஞானத்துக்கே உதவாது. ஹீமோஃபிலியா என்ற நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு காயம் பட்டாலும் இரத்தம் எளிதில் உறையாது. இதற்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெரும்பாலும் தாய் நோயின்றி அதைச் சுமந்துவந்து மகனுக்குத் தருகிறார். இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டுக்கு இந்நோய் இருந்தது. மகாராணியின் மகள் ஆலிஸ், ஆலிஸின் மகள் அலெக்ஸாண்ட்ரா, அவருடைய மகன் ரஷ்ய இளவரசர் அலெக்ஸி என்று பெண்கள் வழியாகவே அது ரஷ்யாவரை போனது. அலெக்ஸி 1918-இல் கொல்லப்பட்டார். எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை 2009-இல் ஆராய்ந்தபோது, அது ஹீமோஃபிலியா-பி வகை என்று உறுதியாயிற்று. தந்தை வழியை மட்டும் எழுதியிருந்தால் இந்தப் பாதை புலப்பட்டிருக்குமா? நிறக்குருடும் பெரும்பாலும் இதே வழியில் வருவதுதான். உங்கள் தாளில் பெயருக்குப் பக்கத்தில் நோய் விவரத்தையும் குறித்துவையுங்கள். ஒருநாள் மருத்துவர் கேட்பார். அந்த விவரம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெருமையைக் கரைக்கும் கணக்கு

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கொடிவழி எழுதினால் குலப்பெருமை வளராதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோர் இரட்டிப்பாகிறார்கள். 10 தலைமுறைக்கு முன்னே 1,024 பேர். 20 தலைமுறைக்கு முன்னே 10,48,576 பேர். 30 தலைமுறைக்கு முன்னே 107 கோடிக்கும் மேல்! தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கொண்டால் இது வெறும் 750 ஆண்டுகள். அன்று உலகம் முழுவதிலும் வாழ்ந்தவர்களே ஐம்பது கோடிக்கும் குறைவு. அப்படியானால் கணக்கு தவறா?

கணக்கு சரிதான். ஒரே மனிதர் கொடிவழியில் பல இடங்களில் வருகிறார். அத்தை மகனும் மாமன் மகளும் மணந்தால், அவர்கள் குழந்தைக்கு எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டிகளுக்குப் பதில் ஆறு பேர்தான். வரைந்து பாருங்கள், புரியும். பின்னோக்கிப் போகப் போகக் கிளைகள் பிரிவதற்குப் பதில் பின்னிக்கொள்கின்றன. உங்கள் கிளையும் அடுத்த தெருக்காரரின் கிளையும் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்தே தீரும்.

"எங்கள் குலம் கலப்பில்லாதது" என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் இந்தியாவின் பல்வேறு சமூகத்தாருடைய டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கே மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பின்புதான் தத்தம் கூட்டத்துக்குள் மணக்கும் வழக்கம் இறுகியிருக்கிறது.

கொடிவழியை ஆயுதமாக்கியவர்களும் உண்டு. ஹிட்லரின் ஜெர்மனியில் 1933-இல் வந்த சட்டப்படி, தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலும் ஒருவர் அரசு வேலையை இழக்க நேர்ந்தது. அது எங்கே போய் முடிந்தது என்பதை உலகம் அறியும். மனிதரைத் தரம் பிரிக்கக் கொடிவழி தேடுவது விஞ்ஞானம் அன்று. நம் ஊரில் சாதி பார்த்து ஒருவரை ஒதுக்குகிறவரும் அதே பாதையில்தான் நிற்கிறார்.

ஆகவே நண்பர்களே, உங்கள் தாளில் உயர்ந்தவரையும் தாழ்ந்தவரையும் தேடாதீர்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், எந்தப் பஞ்சத்தில் ஊர் மாறினார்கள், எதனால் இறந்தார்கள், யார் முதலில் பள்ளிக்கூடம் போனார் என்று தேடுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். கற்பனையால் நிரப்பிய பெயரைவிட நேர்மையான கேள்விக்குறி மேலானது.

ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த ஆண்டுகூடப் போகலாம், காகிதங்கள் அங்கேயே இருக்கும். பாட்டியின் நினைவு அப்படிக் காத்திருக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கேள்வியாக அவருடைய தாயாரின் பெயரைக் கேளுங்கள்.