எலி சுடுற துப்பாக்கியைக் காட்டி எங்களை ஏமாற்றாதே!

உழவர் பெருமக்களே! பயிர் காத்து ராத்தூக்கம் தொலைத்தவர்களே!

போன மாசம் நான் ஒரு துப்பாக்கி வாங்கினேன். "சங்கச் செயலாளரு துப்பாக்கி வாங்கிட்டாராமா!" என்று ஊருக்குள் ஒரே பேச்சு. டீக்கடையில் ஆளுக்கு ஒரு கதை. அடுத்தவன் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

துப்பாக்கி என்றால் நமக்கெல்லாம் 1970 ஜூன் 19, பெருமாநல்லூர்தான் நினைவுக்கு வரும். மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற மூன்று உழவர்களைப் போலீஸ் துப்பாக்கி பலிவாங்கிய நாள். அந்த வழியில் வந்த சங்கத்துக்காரன் கையில் துப்பாக்கி ஏன் வந்தது? காட்டுப்பன்றியால் வந்தது!

உடுமலைக்குத் தெற்கே நமக்கு இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். காட்டு எல்லையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளித்தான் தோட்டம். ஆனால் பன்றி இப்போது காட்டில் இல்லையே! ஓடையில் வேலிக்காத்தான் புதருக்குள் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகிறது. கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. தின்றது கால்வாசி, மிதித்தது முக்கால்வாசி. சேலை கட்டினோம், சலூனில் முடி வாங்கி வந்து வரப்பில் போட்டோம், ரேடியோ பாட விட்டோம். நாலு நாள் பயப்படும், அஞ்சாம் நாள் பாட்டுக் கேட்டுக்கொண்டே தின்னும்.

அப்போதுதான் தங்கச்சி மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். "மாமா, லைசென்ஸே வேண்டாம், பன்றிக்கு இதுதான் மருந்து" என்றான். நானும் விழுந்துவிட்டேன். காற்றடிக்கிற பம்போடு சேர்த்து ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட ஆச்சு. கடலை விற்ற காசு.

பொருளைக் குறை சொல்ல மாட்டேன். திருவிழாவில் பலூன் சுடுவோமே, குழாயை மடக்கி ஒவ்வொரு குண்டாகப் போடுகிற ஏர்கன், அது மாதிரி நீட்டமாக இல்லை. இதைப் புல்பப் என்கிறார்கள். குண்டு போடுகிற இடமும் சுடுகிற இயந்திரமும் விசைக்குப் பின்னால், நம் கன்னத்துக்கு அடியில் இருக்கிறது. குழாய் அங்கிருந்தே புறப்படுவதால், அதன் நீளம் குறையாமல் மொத்தத் துப்பாக்கி மட்டும் குட்டையாகிவிடுகிறது. மடக்கின குடை அளவுதான். எடை எல்லாம் தோள்பக்கம் உட்கார்ந்துகொள்வதால் ஒரு கையில் டார்ச், ஒரு கையில் இது என்று வரப்பில் நடக்கலாம். பரண்மேல் ஏறும்போது எதிலும் இடிக்காது. விசையை இழுத்தால் தோளில் உதைப்பும் கிடையாது.

கஷ்டம் காற்றடிப்பதில் இருக்கிறது. லாரி டயருக்கு அடிக்கிற காற்றைப்போல இருபது மடங்குக்கு மேல் இதன் சிலிண்டருக்கு வேண்டும், இருநூறு பார். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு பம்பு அடிக்க அடிக்க, கடைசியில் என் எடை முழுவதையும் போட்டால்தான் கைப்பிடி இறங்குகிறது. இடுப்புப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரி சிரித்தாள், "இந்தத் தெம்புக்கு நீங்களே ஓடிப் பன்றியை வெரட்டியிருக்கலாம்" என்று.

மறுநாள் தோட்டத்தில் சோதனை. முப்பது அடி தூரத்தில் தீப்பெட்டியை வைத்துச் சுட்டேன், சொன்னபடி விழுந்தது. என்ன ஒரு குறி! அடுத்து மட்டை உரிக்காத தேங்காயை வைத்துச் சுட்டேன். குண்டு மட்டைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது, ஓட்டைத் தொடவே இல்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. அதற்கப்புறம்தான் (வாங்கும் முன்னால் பார்த்திருக்க வேண்டும்!) விவரத்தைப் படித்துப் பார்த்தேன்.

2016 ஆயுத விதிகள்படி 4.5 மில்லிமீட்டர் குழாய், 20 ஜூல் வேகத்திறன், இதற்குள் இருந்தால்தான் ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். குண்டு அரை கிராம் ஈயம். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் தோட்டா இரண்டாயிரம் ஜூலுக்கு மேல் போகும். ஆக, இது நூறில் ஒரு பங்கு. வளர்ந்த பன்றிக்கு எழுபது எண்பது கிலோ எடை, தோள்பக்கம் கெட்டித்தோலும் கொழுப்பும். இந்தக் குண்டு பட்டால் அது சாகாது, புண்ணாகும். புண்பட்ட பன்றி அடுத்த நாள் காலையில் தண்ணீர் கட்ட வருகிற பொம்பளையாள் மேல்தான் பாயும்.

அன்று ராத்திரி பரண்மேல் உட்கார்ந்திருந்தேன். ஏழு உருப்படி வந்தது. துப்பாக்கி மடியில் இருக்கிறது, சுடவில்லை. சத்தம் காட்டியாவது விரட்டலாம் என்றால் இதற்குச் சத்தமும் கிடையாது, தும்மல் அளவுக்குத்தான். கடைசியில் தகரத்தைத் தட்டித்தான் விரட்டினேன். ஐம்பதாயிரம் ரூபாய் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய்த் தகரம் தட்டினவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்!

விவசாயிகளே, இதில் ஒரு கண்ணி இருக்கிறது. "லைசென்ஸ் வேண்டாம்" என்று விற்கிறவன் சொல்வது துப்பாக்கி வைத்திருக்க மட்டும்தான். சுட அல்ல! வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் கொன்றால்தான் வேட்டை என்று இல்லை, காயப்படுத்தினாலும் வேட்டைதான். 2022-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மயில் முதல் அட்டவணை, மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை ஜெயில். துப்பாக்கி வந்த இரண்டாம் நாளே நம் ஊர்ப் பசங்க நாலு பேர் வந்து, "அண்ணா, தக்காளிய மயிலு கொத்துது, ஒரு தடவ குடுங்க" என்று நின்றார்கள். கொடுத்திருந்தால் நாலு வீட்டில் அடுப்பு எரியாது. பன்றிக்குப் போதாத குண்டு, தெருவில் விளையாடுகிற குழந்தையின் கண்ணுக்குப் போதும். அதையும் நினைக்க வேண்டும். பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன்.

பயிர் காக்கத் துப்பாக்கி வைப்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கிட்டித்துச் சுடுகிற துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று எழுதியிருக்கிறது. உழவனிடம் துப்பாக்கி இருக்கலாம், அதனால் பன்றியைச் சுடக்கூடாது! அப்படியானால் சுட வேண்டியது யார்?

அதற்கும் ஆணை இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்டது. காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் வனத்துறையினர் சுடலாம். நம் தோட்டம் நாலாவது கிலோமீட்டரில் இருக்கிறது. சுட வந்தவர் யாராவது உண்டா? கேரளத்தில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுட வழி செய்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் முடிவது இந்தப் பக்கம் ஏன் முடியவில்லை?

ஆணையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு உழவனைத் தனியாக விட்டால் அவன் என்ன செய்வான்? ஒருத்தன் என்னைப்போல ஏர்கன் வாங்கி ஏமாறுவான். இன்னொருத்தன் திருட்டுக் கரண்டை வேலியில் விட்டு, பன்றிக்குப் பதில் பக்கத்துத் தோட்டத்துக்காரனைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போவான். அவுட்டுக்காய் வைத்து மாட்டின் வாயைக் கிழிப்பவனும் உண்டு. இதெல்லாம் உழவன் கெட்டவன் என்பதால் நடப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு ரேஞ்சிலும் சுடப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களிடம் துப்பாக்கி எத்தனை என்று வெளிப்படையாகச் சொல். ஆணையில் சொன்ன கிராம அளவிலான குழு எங்கே, அதில் யார் யார் என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டு. மனு கொடுத்த எத்தனையாவது நாளில் வருவாய் என்று எழுத்தில் கொடு. மிதிபட்ட பயிருக்கு, தின்ற அளவை மட்டும் கணக்குப் பார்க்காமல் பாழான பரப்பு முழுவதற்கும் இழப்பீடு கொடு.

இந்த மாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எல்லோரும் ஒன்றாகப் போகிறோம். சிட்டா, அடங்கல் நகலும், பன்றி மேய்ந்த வயலின் போட்டோவும் கொண்டு வாருங்கள். போட்டோவில் தேதி தெரிய வேண்டும். காட்டு எல்லை உங்கள் தோட்டத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை வி.ஏ.ஓ.விடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

துப்பாக்கியைப் பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். தேங்காய்க் குடோனில் எலி சுட நன்றாக உதவுகிறது. இரவல் மட்டும் கேட்காதீர்கள்.

— சங்கச் செயலாளர்