ராட்டினத்தில் ஏறும்போது செல்போன் யாரிடம் இருக்கவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை. பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம். ஒரு குடும்பம் வேனுக்காகக் காத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, அம்மா, பத்தாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள், பாட்டி. ஆக, ஐந்து பேர். மாற்று உடுப்பு ஒரு பையில் இருக்கிறது. எல்லோரும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு செல்போன் இருக்கிறது. நுழைவுச் சீட்டு அதில்தான். பணம் அதில்தான். திரும்பி வர வண்டி பிடிப்பதும் அதில்தான். உறவினர்களின் எண்களும் அதில்தான். அந்த எண்களில் ஒன்றுகூட வீட்டில் யாருக்கும் மனப்பாடம் இல்லை!

மாலைக்குள் அந்தப் போன் எங்கெல்லாம் போகும்? ராட்டினத்தின் உச்சிக்குப் போகும். செயற்கை அலைக்குள் இறங்கும். அது பத்திரமாகத் திரும்புமா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் போனால் மற்றவர் தலைக்கு ஆபத்து வராமல் இருக்குமா?

திருவிழா ராட்டினம் அல்ல

முன்பு ஊர்த் திருவிழாவுக்கு ராட்டினம் வரும். நான்கு மரப்பெட்டிகள் இருக்கும். ஓர் ஆள் கையால் சுற்றுவார். அதிலிருந்து எது விழுந்தாலும் பக்கத்து மண்ணில் விழும். எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

இன்று நிலைமை வேறு. செங்கற்பட்டு மாவட்டத்தில் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்கா பல ஆண்டுகளாக இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் ‘வொண்டர்லா’ பூங்கா திறக்கப்பட்டது. பரப்பு 60 ஏக்கருக்கு மேல். செலவு 600 கோடி ரூபாய்க்கு மேல்.

அங்கே ‘தஞ்சோரா’ என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. சாதாரண ரோலர் கோஸ்டர் தண்டவாளத்தின் மேல் ஓடும். இது தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடுகிறது. உட்கார்ந்திருப்பவரின் கால்கள் அந்தரத்தில் ஆடும். வண்டி குட்டிக்கரணம் போடும்போது தலை கீழே போகும். கால் மேலே வரும்.

இப்படிப்பட்ட வண்டியில் சட்டைப் பையில் இருப்பது சட்டைப் பையில் நிற்குமா?

பையிலிருந்து எப்படி விழுகிறது?

பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இது தெரியும். வேகத்தடை வந்ததும் பஸ் தூக்கிப் போடும். ஒரு கணம் உடம்பு சீட்டை விட்டு எழும்பும். மறுகணம் தொப்பென்று உட்காரும்.

ரோலர் கோஸ்டரிலும் அதேதான் நடக்கிறது. உச்சிக்குப் போன வண்டி சடாரென்று கீழே பாய்கிறது. உள்ளே இருப்பவரைக் கம்பி பிடித்துக்கொள்கிறது. பையில் உள்ள போனைப் பிடிக்க எதுவும் இல்லை. வண்டி கீழே போகிறது. போன் தன் பாட்டில் நேரே போகிறது. அதாவது, பையை விட்டு வெளியே போகிறது.

“கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்” என்று வாலிபர்கள் சொல்வார்கள். வண்டி திரும்பும்போது கையின் எடையே இரண்டு, மூன்று மடங்கு ஆனதுபோல் இருக்கும். அப்போது போனைப் பிடிப்பதா, கம்பியைப் பிடிப்பதா?

பத்து மாடி உயரத்திலிருந்து

ஒரு சின்னக் கணக்கு. செல்போனின் எடை சுமார் 200 கிராம். அது 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. ஏறக்குறைய பத்து மாடி உயரம். தரைக்கு வர இரண்டரை வினாடி ஆகும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 85 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும். காற்று தடுப்பதால் கொஞ்சம் குறையலாம். ஆனால் வண்டியின் வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 160 கிராம்தான். அதை மணிக்கு 95 கிலோ மீட்டருக்கு மேல் வேகமாக வீசினால் எவ்வளவு பலமாக அடிக்குமோ, அவ்வளவு பலமாக இந்தப் போன் அடிக்கும். மட்டையாளர் தலைக்கவசம் போட்டிருப்பார். பந்து வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே வரிசையில் நிற்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் கவசம் ஏது? அவர்கள் மேலே பார்க்கக்கூட மாட்டார்கள்.

வெளிநாடுகளில் நடந்தது

இது வெறும் பயம் அல்ல. அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் ஒரு பெரிய பூங்கா உண்டு. அங்கே இரண்டு வண்டிகள் எதிர் எதிரே பாய்ந்து வரும். மோதுவதுபோல் நெருங்கி விலகும். 2011 ஜூலை மாதம் அதில் போன ஒருவரின் முகத்தில் ஏதோ ஒரு பொருள் வந்து அடித்தது. அவருக்கு ஒரு கண் போயிற்று. அடுத்த மாதமே இன்னொருவர் காயம் அடைந்தார். அந்த ஆண்டு அக்டோபரில், இரண்டு வண்டிகளையும் எதிர் எதிரே விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

பிறகு அந்தப் பூங்காவில் பெரிய ராட்டினங்களின் வாசலில் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை வைத்தார்கள். விமான நிலையத்தில் செய்வதுபோல் சோதனை! அதோடு நிற்கவில்லை. பக்கத்திலேயே சிறு சிறு பெட்டகங்களையும் வைத்தார்கள். சவாரி முடியும்வரை அவற்றுக்கு வாடகை கிடையாது.

அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் ‘சீடர் பாயிண்ட்’ என்ற பூங்கா இருக்கிறது. 2018-ல் அங்கே ‘ஸ்டீல் வெஞ்சன்ஸ்’ என்ற புதிய ரோலர் கோஸ்டர் ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டே ஒரு தடை போட்டார்கள். போனைக் கையில் வைத்துக்கொள்ளக்கூடாது. பையில் வைத்துக்கொண்டும் ஏறக்கூடாது!

2019-ல் ஸ்பெயின் நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. மணிக்கு 130 கிலோ மீட்டர் வேகம் போகும் ரோலர் கோஸ்டர். முன்னால் இருந்தவரின் போன் பறந்தது. பின்னால் இருந்தவர் அதைக் காற்றிலேயே லபக்கென்று பிடித்துவிட்டார்! அந்தக் காட்சியை உலகமே பார்த்துக் கைதட்டியது. அவர் பிடிக்காமல் விட்டிருந்தால்? யார் மேல் விழுந்திருக்கும்?

2022-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அந்த ஆண்டு வந்த ஐபோனில் ஒரு வசதி இருந்தது. கார் மோதினால் போன் தானாகவே போலீசைக் கூப்பிடும். ஓகையோவில் இன்னொரு பூங்காவில், ரோலர் கோஸ்டர் குலுக்கிய குலுக்கலைப் போன் “கார் விபத்து” என்று நினைத்துக்கொண்டது. அவசர உதவி நிலையத்துக்கு அழைப்பு பறந்தது! ஏறியவர்கள் மேலே கூச்சல் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே அதிகாரிகள் பதறினார்கள்.

நடுவில் நின்றுவிட்டால்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “ராட்டினம் நடுவானில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அப்போது போன் வேண்டாமா?”

அப்படியும் நடந்திருக்கிறது. 2025 மே 27-ந் தேதி மாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுவிட்டது. குழந்தைகள் உள்பட 30-க்கு மேற்பட்டவர்கள் அந்தரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைக்கும் படையினர் ராட்சத ஏணி வண்டியுடன் வந்து, எல்லோரையும் பத்திரமாக இறக்கினார்கள். அதற்குள் மணிக்கணக்கில் நேரம் ஓடிவிட்டது.

அந்த உயரத்தில் பிள்ளையுடன் தவிக்கும் தாய்க்கு ஒரு போன் பெரிய ஆறுதல்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் ராட்டினம் நிற்பது என்றோ ஒரு நாள். ஓடுவது தினமும் பல தடவை. என்றோ ஒரு நாளுக்காகத் தினமும் எல்லோர் பையிலும் ஒரு கல்லை ஏற்றி அனுப்புவது சரி ஆகாது.

மேலே இருப்பவர் போன் செய்துதான் உதவி வரவேண்டும் என்ற நிலையே இருக்கக்கூடாது. கீழே இருப்பவர்கள் உடனே 112 அல்லது 101-ஐ அழைக்கலாம். மேலே இருப்பவர்களுடன் ஒலிபெருக்கியில் பேசித் தைரியம் சொல்லவேண்டியது பூங்காக்காரர்களின் கடமை.

ஏழை வீட்டின் ஒரே போன்

“போனை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்” என்று பலகை எழுதி மாட்டுவது எளிது. எங்கே வைப்பது?

இரண்டு, மூன்று போன் உள்ளவருக்குக் கவலை இல்லை. பொத்தேரி சாலை ஓரத்தில் நின்ற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் போன். மாதத் தவணை இன்னும் பாக்கி இருக்கலாம். சம்பளம் வந்து விழுவதும் அதில் தெரிகிறது. மளிகைக் கடைக்குப் பணம் போவதும் அதில்தான். 2016-ல் யு.பி.ஐ. வந்தபிறகு மடிப்பணம் செல்போனுக்குள் குடியேறிவிட்டது. அந்தப் போனைத் திறந்த அலமாரியில் போட்டுவிட்டு யார் நிம்மதியாகச் சவாரி செய்வார்கள்? அதனால்தான் பலகையைப் படித்துவிட்டும் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறார்கள்.

ஆகவே, குற்றம் ஏறுபவரிடம் மட்டும் இல்லை. போனைக் கொண்டுவராமல் வரமுடியாதபடி எல்லாமே போனுக்குள் போய்விட்டது. கொண்டுவரச் செய்தவர்கள், அதைப் பாதுகாக்கவும் இடம் கொடுக்கவேண்டும். பெரிய ராட்டினம் ஒவ்வொன்றின் வாசலிலும் பூட்டும் சிறு பெட்டகம் வேண்டும். சவாரி நேரத்துக்கு வாடகை வாங்கக்கூடாது. கேட்பவர்களுக்குக் காகிதச் சீட்டும், ரொக்கம் செலுத்தும் வழியும் வேண்டும். கட்டணம் கொடுத்து உள்ளே வந்தவர் இதைக் கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

தண்ணீரில் இறங்கலாமா?

சில போன்களில் “ஐ.பி.68” என்று போட்டிருக்கும். தண்ணீர் புகாது என்று பொருள். ஆனால் அந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் செய்வது. செயற்கை அலையில் தண்ணீர் அறைகிறது. அதில் குளோரின் மருந்தும் கலந்திருக்கிறது. பழைய போனில் அடைப்பு தேய்ந்தும் போயிருக்கும்.

நனைந்த போனை அரிசியில் புதைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஐபோன் செய்யும் ஆப்பிள் நிறுவனமே அது வேண்டாம் என்கிறது. அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும். துடைத்துக் காற்றில் காயவிடுங்கள். ஈரம் போகும்வரை சார்ஜ் போடாதீர்கள்.

இன்னொன்று. தண்ணீரில் விளையாடும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுப்பது அநாகரிகம். உடை மாற்றும் அறையில் எடுத்தால் பெரிய குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி, முதல் தடவைக்கே குறைந்தது ஓர் ஆண்டு சிறை. 3 ஆண்டு வரையும் கிடைக்கலாம்.

புறப்படும் முன்பு

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

பெற்றோரின் போன் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, நனையாத உறையில் போட்டு, குழந்தையின் பையில் வையுங்கள். கூட்டத்தில் தவறினால் அந்தக் காகிதமே வழிகாட்டும்.

திரும்பி வரும் அளவுக்கு ரொக்கப் பணம் தனியாக இருக்கட்டும். போன் அணைந்துபோனாலும் வீடு வந்து சேரலாம்.

போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும். அதை வீட்டு நோட்டில் குறித்துவையுங்கள். போன் தொலைந்தால், போலீசில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ மூலம் அதை முடக்க அந்த எண் உதவும்.

ராட்டினத்தில் ஏறாத ஒருவரிடம் எல்லோருடைய போனையும் கொடுங்கள். குடும்பத்தில் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார்.

பொத்தேரிக் குடும்பத்தில் அது பாட்டிதான். பாட்டிக்கு ராட்டினம் என்றாலே தலை சுற்றும். அவர் நிழலில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். போனை இடுப்புச் சுருக்குப் பையில் போட்டு, கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். இனி அதை எமனே வந்தாலும் எடுக்க முடியாது!

மகன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே போவான். படம் எடுக்க முடியவில்லையே என்று முதலில் வருத்தமாக இருக்கும். இறங்கி வந்ததும் பாட்டி கேட்பார்: “மேலே எப்படிடா இருந்துது?”

அவன் சொல்ல ஆரம்பிப்பான். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருப்பான்.