எறிதல் வேறு, அழித்தல் வேறு

ஆங்கிலப் பேராசிரியர் ரோல்கீன் எழுதிய மோதிரக் கதையை நம் மாணவர் பலர் அறிவர். 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த பெருங்கதை அது. மூல நூலைப் படித்தவர் சிலர். 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று திரைப்படங்களைப் பார்த்தவர் பலர். இரு திறத்தாரும் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “அத்துணைப் பொல்லாத மோதிரமென்றால், அதனைக் கடலிலே எறிந்துவிட்டாற் போதாதா? அதற்காக ஒன்பது பேர் மலையும் காடுங் கடந்து நெருப்பு மலையை நோக்கிப் புறப்பட வேண்டுமா?” என்பதே அக்கேள்வி.

நல்ல கேள்வி. விளையாட்டாகக் கேட்கப்படினும் விளையாட்டாக விடை கூறத்தக்கதன்று.

முதலிற் கதையைச் சுருக்கிச் சொல்வோம். சௌரன் என்னுங் கொடியோன் ஒருவன், நெருப்பு மலையின் உள்ளே ஒரு மோதிரத்தை வார்த்தெடுத்துத் தன் வலிமையிற் பெரும்பகுதியை அதனுள் வைத்தான். அணிந்தவன் பிறர் கண்ணுக்கு மறைவான். ஆனால் நாளடைவில் அவன் மோதிரத்துக்கு அடிமையாவான். உலைத்தீ அதனை உருக்காது. எந்தத் தீயிற் பிறந்ததோ அந்தத் தீயிலேதான் அது அழியும். அதனைச் சுமந்து செல்லும் பொறுப்பு ஓர் அரசனுக்கோ முனிவனுக்கோ கிடைக்கவில்லை. மனிதரிற் பாதி உயரமே உள்ள எளிய குடியிற் பிறந்த புரொடோ என்பவன் அதனை ஏற்கின்றான். தோட்டக்காரனான சாம் அவனுக்குத் துணை.

கடலில் எறியும் யோசனை அக்கதையில் நடக்கும் ஆலோசனைச் சபையிலும் எழுகின்றது. அங்குள்ள பெரியவர் அதனை ஏற்கவில்லை. கடல் நிலமாவதும் நிலம் கடலாவதும் உண்டு. நம் தலைமுறையின் நிம்மதிக்காக இனி வருந் தலைமுறையின் தலையிலே சுமையை ஏற்றலாகாது என்பது அவர் கருத்து.

இதனைப் படிக்கும்போது நமக்கு மகாபாரதம் நினைவுக்கு வருதல் வேண்டும். வில்லிபுத்தூரார் தமிழிற் பாடிய பாரதம் பத்துப் பருவங்களோடு நின்றுவிடுவதால், பதினாறாவது பருவமாகிய மௌசல பருவம் நம்மிற் பலருக்கு அத்துணைப் பழக்கமில்லை. பாகவதமும் இக்கதையைக் கூறும். துவாரகைக்கு முனிவர்கள் வருகின்றனர். யாதவ இளைஞர் சிலர், கண்ணனின் மகனாகிய சாம்பனுக்குப் பெண்வேடம் புனைந்து, கர்ப்பிணிபோற் காட்டி, “இவளுக்கு என்ன பிள்ளை பிறக்கும்?” என்று கேலியாகக் கேட்கின்றனர். குலத்தை அழிக்கும் இரும்புலக்கை பிறக்கும் என்று முனிவர்கள் சபித்தனர். அவ்வாறே உலக்கை பிறந்தது.

அஞ்சிய மன்னன் உக்கிரசேனன் என்ன செய்தான்? உலக்கையை அராவிப் பொடியாக்கிக் கடலிற் கொட்டச் செய்தான். அராவ முடியாது எஞ்சிய துண்டையும் கடலிலே எறிந்தனர். கண்ணுக்கு மறைந்தது, கவலையும் மறைந்தது. ஆனால் அலை அப்பொடியைக் கரைக்குக் கொண்டுவந்தது. அது கோரையாக முளைத்தது. எஞ்சிய துண்டை ஒரு மீன் விழுங்கியது. மீனவர் வலையில் அம்மீன் சிக்க, அதன் வயிற்றில் இருந்த இரும்பு சரன் என்னும் வேடனின் அம்பு நுனியாயிற்று. குருக்ஷேத்திரப் போர் முடிந்து 36 ஆண்டுகள் கழிந்தபின், பிரபாசக் கரையிலே மது மயக்கத்தில் இருந்த யாதவர், பழைய போரிலே யார் யாருக்கு என்ன செய்தார் என்று ஒருவரையொருவர் இடித்துரைத்தனர். சொல் அடியாயிற்று. கரையில் நின்ற கோரையைப் பிடுங்கினர், அது உலக்கையாயிற்று. குலம் அழிந்தது. கண்ணனும் அவ்வேடனின் அம்பினாலே உடலை நீத்தான்.

இதிலே கவனிக்க வேண்டியவை இரண்டு. உலக்கையை எறிந்தார்களேயன்றி அழித்தார்களில்லை என்பது ஒன்று. இரும்பைப் பொடியாக்கியவர்கள் நெஞ்சிலிருந்த பகையைப் பொடியாக்கவில்லை என்பது மற்றொன்று. எஞ்சிய இரும்பும் எஞ்சிய பகையும் ஒரே கரையிற் சந்தித்தன. மாணவரின் கேள்விக்கு விடை இதுவே. எறிதல் வேறு, அழித்தல் வேறு.

இவையெல்லாம் கதைதாமே என்று ஒருவர் சொல்லலாம். அவரைக் கண்டி வீதி வழியே முகமாலைக்கு அழைத்துச் செல்வோம்.

நம் குடாநாட்டின் தென்கிழக்குப் பகுதியிலே, பளைத் தென்னந்தோட்டங்களுக்கு அணித்தாக உள்ளது முகமாலை. 2000ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளின் கைக்கு மாறியது. அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கு அண்மையாக, கிளாலியிலிருந்து முகமாலை ஊடாக நாகர்கோவில் வரை, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குப் போர்முனை நீண்டு கிடந்தது. இரு திறத்தாரும் மண்ணணைகள் எழுப்பினர்; காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. இரு திறத்தாரும் மிதிவெடிகளைப் புதைத்தனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்திலே போர் முடிந்தது. புதைத்தவர் பலர் இன்றில்லை. புதைக்கப்பட்டவை மண்ணுள்ளே இருந்தன.

மிதிவெடிக்குப் பகைவனையும் தெரியாது, நண்பனையும் தெரியாது, போர் முடிந்த செய்தியும் தெரியாது. உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள் அது. அதனை வெடிக்கச் செய்யப் படைவீரனின் பாரம் வேண்டியதில்லை. ஒரு சிறு பிள்ளையின் காலடி போதும். பிளாஸ்ரிக் உறையுள்ளவை பல ஆண்டுகள் கெடாது கிடக்கும். மாரி வெள்ளம் சிலவற்றை இடம்பெயர்க்கும். கோரையாக முளைத்த இரும்புப் பொடியை இப்பொழுது மீண்டும் எண்ணிப் பாருங்கள்.

ரோல்கீனும் இதனை அறியாதவரல்லர். 1916ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுச் சோம் போர்முனையில் அவர் இளம் அதிகாரியாக இருந்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்நிலத்தை உழும் கமக்காரர் இன்றுவரை வெடியாத குண்டுகளைக் கிளறி எடுக்கின்றனர்.

முகமாலையின் சாபத்தை அழிக்கப் புறப்பட்டவர் யார்? கதையிற் போலவே இங்கும் எளியவர்களே. பிரித்தானியத் தொண்டு நிறுவனமாகிய ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் இலங்கையிற் பணியாற்றுகின்றது. டாஷ் முதலிய உள்நாட்டு நிறுவனங்களும் படையினரின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் இப்பணியில் உள்ளன. வெயிலில் மண்டியிட்டு மண்ணைக் கிளறும் பணியாளருட் பெண்கள் பலர். அவர்களுட் போரிலே கணவனை இழந்து, தனித்து நின்று குடும்பத்தைத் தாங்குபவரும் பலர்.

அவர்கள் வேலை செய்யும் முறையை மாணவர் அறிந்திருத்தல் நன்று. ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலமான ஒழுங்கையே உரியது. அதன் எல்லை குறிதடிகளாற் காட்டப்பட்டிருக்கும். முகத்திலே கண்ணாடிபோன்ற தடித்த மறைப்பு; உடலிலே பாரமான காப்புச் சட்டை. உலோகங் காட்டுங் கருவி ஒலித்தால் அவ்விடத்தை மெல்ல மெல்லப் பக்கவாட்டிலிருந்து கிளறிப் பார்க்க வேண்டும். வந்த ஒலி ஓர் ஆணிக்காகவும் இருக்கலாம். துப்பாக்கிச் சன்னத்தின் வெற்றுக் கோதுக்காகவும் இருக்கலாம். நூறு முறை ஆணியே அகப்பட்டாலும், நூற்றோராவது முறையும் முதல் முறை போன்றே கை நடுங்காது, அவசரப்படாது கிளற வேண்டும். உலோகம் மிகக் குறைந்த வெடிகளைக் கருவி எளிதிற் காட்டாது. அத்தகைய இடங்களிலே, நம் மணற்பாங்கான மண்ணுக்கு ஏற்ப, நீண்ட பிடியுள்ள வாரிகளால் மண்ணைப் படிப்படியாக வாரி எடுக்கும் முறையும் இங்கே கைக்கொள்ளப்பட்டது. அகப்பட்ட வெடி முறைப்படி அழிக்கப்படும். பின்னர் அந்நிலத்தை மேற்பார்வையாளர் மறுபடியுஞ் சோதிப்பர்.

இதிலே வீரம் எங்கே என்று கேட்பவர் ரோல்கீனின் கதை முடிவை நினைத்துக்கொள்க. இத்தனை இடர்களையுங் கடந்து நெருப்பு மலையின் விளிம்புக்கு வந்த புரொடோ, கடைசிக் கணத்திலே மோதிரத்தை எறிய மறுத்து, “இது எனது” என்று உரிமை கொண்டாடினான். அவனைத் தொடர்ந்து வந்த கொலம் என்னும் அற்பப் பிறவி மோதிரத்தை விரலோடு கடித்துப் பறித்துக்கொண்டு தீயினுள் வீழ்ந்தமையினாலேயே காரியம் நிறைவேறியது. முன்னர் கொலத்தைக் கொல்லும் வாய்ப்பு வந்தபோது புரொடோ இரங்கி விட்டிருந்தான். அந்த இரக்கமே ஈற்றில் உதவியது. தனியொருவனின் மனவுறுதி எத்துணைப் பெரிதாயினும் முற்றாக நம்பத்தக்கதன்று என்பது இக்கதையின் உட்கிடை. மிதிவெடி அகற்றுவோர் அதனை நன்கறிவர். ஆகையினாலேதான் குறிதடியும், அளந்த இடைவெளியும், மறுசோதனையும் வேண்டப்படுகின்றன. இத்தனை இருந்தும், இப்பணியிலே உயிரையும் அவயவங்களையும் இழந்தவர்கள் உளர்.

கதையிலே இன்னொரு பாத்திரம் பொரோமிர். அவனுடைய நாடே பகைவனின் தாக்குதலை முன்நின்று தாங்குவது. “இத்தகைய கருவி கையில் இருக்க, அதனைக் கொண்டு நம் மக்களைக் காவாது அழிப்பது பேதைமையன்றோ?” என்பது அவன் வாதம். அவன் தீயவனல்லன், நாட்டை நேசித்தவன். ஆதலால் அவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இன்றும் அது உலக அரங்கிலே ஒலிக்கின்றது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997ஆம் ஆண்டிற் கையெழுத்தாகி 1999இல் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டிலே எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தன. அயலிலே பெரும்போர் நிகழும்போது அவர்களுக்கு எழும் அச்சம் மெய்யான அச்சமே. ஆயினும், அஞ்சிப் புதைத்ததைத் தோண்டுபவர் அந்நாட்டுப் பிள்ளைகளாகவே இருப்பர் என்பதற்கு முகமாலையிலும் வலிய சான்று வேண்டுமோ?

இலங்கை 2017ஆம் ஆண்டு திசம்பர் மாதத்திலே அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது. அதன்படி, புதையுண்ட மிதிவெடிகளை அகற்றி முடிக்க 2028ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி வரை தவணை உண்டு.

அத்தவணையை எண்ணும்போது மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. வேறு தொழில் செய்வோர் வேலையை நன்றாகச் செய்தால் மேலும் வேலை கிடைக்கும். இப்பெண்களோ வேலையை நன்றாகச் செய்து முடித்தால் வேலை இல்லாதவர் ஆவர். கடைசி வெடி அகற்றப்படும் நாள் நமக்குத் திருநாள். அவர்களுக்குச் சம்பளம் நிற்கும் நாள். ரோல்கீன் இதனையும் விடவில்லை. ஊர் திரும்பிய புரொடோவை அவன் ஊரவர் பெரிதாக மதிக்கவில்லை. அவன் பட்ட காயமும் முற்றாக ஆறவில்லை. ஈற்றிலே அவன் ஊரை விட்டே நீங்கினான்.

நம் ஊரிலும் அப்படி நிகழ வேண்டுமா? மிதிவெடியாற் காலிழந்து, யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் நடப்பவரை நாம் அறிவோம். அவர்களுக்கு வேலை கொடுக்கும் கடை எத்தனை? பத்து, பதினைந்து ஆண்டுகள் மண்டியிட்டு வேலை செய்த பெண்ணிடம் பொறுமை உண்டு, ஒழுங்கு உண்டு, கூர்ந்து நோக்கும் பழக்கம் உண்டு. கூட்டுறவுச் சங்கங்களும், பாடசாலைகளும், தொழில் நடத்துவோரும் அவளுக்கு ஓரிடம் வைத்திருத்தல் வேண்டும். 2028 நெடுந்தூரத்தில் இல்லை.

மாணவருக்கு ஒரு சொல். நிலத்திலோ பற்றையிலோ இனந்தெரியாத இரும்பைக் கண்டால் தொடவேண்டாம். எறிந்தும் பார்க்க வேண்டாம். பழைய இரும்பு விற்றாற் காசு வருமென்று பொறுக்கப்போய் உறுப்பிழந்தவர் உளர். வந்த வழியே திரும்பிச் சென்று, பெரியவர்களுக்கும் கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் சொல்லுங்கள். அவ்வேடன் எடுத்ததும் மீன் வயிற்றிற் கிடந்த ஒரு சிறிய இரும்புத் துண்டுதான்.