அஞ்சு கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு

வங்கிக் கவுண்டரில் திங்கட்கிழமைக் கூட்டம். வரிசையில் வந்த ஓர் அக்கா பாஸ்புக்கை நீட்டிவிட்டு, முன்னும் பின்னும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், அந்தக் காசு ஏறியிருக்கா பாருங்க" என்றார். எந்தக் காசும்மா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அதான் சார், ஆஸ்பத்திரிக் காசு." காசநோயாளிக்கு அரசு போடும் ஊட்டச்சத்துப் பணம் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பணம் ஏறியிருந்தது. ஆனால் எடுக்க முடியாது. கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை என்று கணக்கு முடக்கப்பட்டிருந்தது. கணக்கு அவருடைய கணவர் பேரில். அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும். "அவரால நடக்க முடியாது சார். சூளை வேலைக்குப் போய் ஆறு மாசமாச்சு." பிறகு நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: "மாத்திரை உள்ள போனா பசி கொல்லுது சார் அவருக்கு. எனக்கும் புள்ளைங்களுக்கும் வச்சிருக்கிறதையும் சேர்த்துச் சாப்பிட்டுடறார். வேணாம்னு எப்படிச் சொல்றது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். அதற்கு மருத்துவ உலகம் 2023இல் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அரசு அதைக் காதில் போட்டுக்கொண்ட விதம் பற்றித்தான் தோழர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 'ரேஷன்ஸ்' என்று அதற்குப் பெயர். 2,800 காசநோயாளிகள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழும் 10,345 பேர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் போன்ற பழங்குடிகள். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு உணவுப் பொருளும் தரப்பட்டது. குடும்பத்தினரை மட்டும் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு எதுவும் இல்லை. 2022 ஜூலை வரை தொடர்ந்து கவனித்தார்கள். உணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலைத் தாக்கி, பரிசோதனையில் கிருமி உறுதியான காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடையே மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2023 ஆகஸ்டில் லான்செட் இதழ்களில் இவை வெளிவந்தன.

எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சோறு தின்னா சாவ மாட்டான்னு சொல்றதுக்கு ஒரு ஆராய்ச்சியா என்பார்கள். இந்த நோய்க்குத் தமிழில் எலும்புருக்கி என்று பேர். உடம்பு உருகி எலும்பு தெரிவதைப் பார்த்துத்தானே நம் சனங்கள் பேர் வைத்தார்கள்? சத்தீஸ்கர் கிராமங்களில் காசநோயோடு வந்தவர்களை எடை போட்ட ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அங்கே பெண்களில் பாதிப்பேர் 34.1 கிலோவைத் தாண்டவில்லை. ஆண்களில் பாதிப்பேர் 42.1 கிலோவைத் தாண்டவில்லை. அரிசி மூட்டை ஒன்றை நிறுத்தினால் அந்த மனிதர்களைவிடக் கனம்.

ஆனாலும் நான் சிரிக்க மாட்டேன். ஏன் இதை நிரூபிக்க வேண்டி வந்தது என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் சானடோரியம் என்று ரயில் நிலையம் இருக்கிறதல்லவா? காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் 1928இல் அங்கே காசநோய் விடுதி தொடங்கப்பட்டதால் வந்த பெயர். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. இவைதான் அன்றைய வைத்தியம். இவை யாருக்குக் கிடைத்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு மருந்துகள் வந்தன. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் நெரிசலான ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த 193 நோயாளிகளை எடுத்து, சிலரைச் சானடோரியத்தில் வைத்தும் சிலரை அவரவர் வீட்டிலேயே வைத்தும், ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாட்டோடு படுக்கையில் கிடந்தவருக்கும், குடிசையில் அரைவயிற்றோடு கிடந்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானது. 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகத்தையே மாற்றியது. ஊர் ஊராகச் சானடோரியங்கள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தே மருந்து என்பது நடைமுறை ஆனது.

இது நமக்குக் கிடைத்த லாபம்தான். மறுக்கவில்லை. சானடோரியக் கட்டில் என்றைக்கும் சேரிக்கு எட்டியிருக்காது. இலவச மாத்திரை எட்டியது. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. மருந்துச் சீட்டிலிருந்து சாப்பாடு அடிபட்டுப் போனது. 'மாத்திரை போதும், உணவு முக்கியமில்லை' என்று அதிகாரத்துக்கு ஒரு விஞ்ஞானச் சாக்குக் கிடைத்துவிட்டது. சேரி உடம்பை வைத்து நிரூபித்த உண்மையில் எந்தப் பாதி மலிவோ அந்தப் பாதியை மட்டும் அரசு எடுத்துக்கொண்டது.

1959 சொன்னதும் 2023 சொல்வதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. சாப்பாடு சுமாராக இருந்தாலும் மாத்திரை கிருமியைக் கொல்லும் என்றது அது. கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது, பட்டினி இருக்கும் வரை அந்த வீட்டில் அடுத்த ஆளுக்கு நோய் காத்திருக்கும் என்கிறது இது. சேத்துப்பட்டு நிறுவனமே ஜார்க்கண்ட் ஆய்விலும் பங்கேற்றிருக்கிறது. அன்று சென்னைக் குடிசைவாசி. இன்று ஜார்க்கண்ட் பழங்குடி. நிரூபணத்துக்கு உடம்பு கொடுப்பது என்னவோ எப்போதும் நாம்தான்.

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் கேட்டாக வேண்டும். உணவு கிடைக்காத பிரிவில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. அதாவது 2.6 சதவீதம். உணவு கிடைத்த பிரிவில் 96 பேர், 1.7 சதவீதம். இந்த வித்தியாசத்தில் இருப்பவர்கள் மனிதர்கள். அந்த மருத்துவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. பட்டினிக்கும் காசநோய்க்கும் உள்ள உறவை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். குற்றம், காகிதத்தில் சதவீதம் வந்தால்தான் பசியை நம்புவேன் என்கிற அமைப்பினுடையது. சரி, இப்போது காகிதமும் வந்துவிட்டது. இனி என்ன சாக்கு?

மருந்து ஆராய்ச்சியும் சும்மா இல்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 20 மாதம் வரை இழுத்த சிகிச்சையை ஆறு மாதத்தில் முடிக்கும் புதிய கூட்டு மருந்துக்கு இந்தியா 2024இல் அனுமதி தந்தது. அதில் முக்கியமான மருந்து பெடாகுவிலின். அதன் காப்புரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் போட்ட விண்ணப்பத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. எதிர்த்து மனுப் போட்டவர்களில் இருவர் காசநோயிலிருந்து மீண்ட பெண்கள்: இந்தியாவின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. சிகிச்சையின் விஷத்தால் செவித்திறனை இழந்தவர்கள் இவர்கள். மருந்துக்காக இப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது. சோற்றுக்கான சண்டையை யார் போடுவது?

அரசு என்ன செய்தது என்று பார்ப்போம். 2018இல் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. வரவேற்கிறேன். ஆனால் அது நோயாளிக்கு மட்டும். ஜார்க்கண்ட் ஆய்வின் உயிரே குடும்பத்துக்கும் சோறு என்பதில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தை அரசு யாரிடம் ஒப்படைத்தது தெரியுமா? 2022இல் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' என்ற ஏற்பாட்டிடம். வசதியுள்ளவர்கள், கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள் நோயாளியைத் 'தத்தெடுத்து' உணவுக் கூடை கொடுப்பார்களாம். குடும்பத்தாரையும் பிறகு அதில் சேர்த்தார்கள். அப்படிக் கொடுத்த ஒரு கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். மேடைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கூடையைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தார்கள். தெருவில் பேர் சொல்லவே கூசுகிற நோயை வைத்துக்கொண்டு அந்த மனிதர்கள் கேமராவைப் பார்த்து நின்றார்கள்.

இது தர்மம். தர்மம் கொடுப்பவனுக்குப் புண்ணியம், வாங்குபவனுக்குத் தலைகுனிவு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? அறுவடை முடிந்து களத்தோரம் காத்திருந்த நம் பாட்டன்மாரைக் கேட்டால் சொல்வார்கள். 1927இல் மகத் குளத்துக்கு அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு போனது யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கையேந்த அல்ல. பொதுக்குளத்தில் உரிமையோடு இறங்கத்தான். சோறு மருந்து என்று விஞ்ஞானம் சொன்ன பிறகு, அந்த மருந்தை மட்டும் நன்கொடையாக வாங்கிக்கொள் என்பது என்ன நியாயம்? மாத்திரைக்கு 'மித்ரா' தேடச் சொல்லவில்லையே?

புரதம் போதவில்லை என்கிறார்கள். நம்முடைய மலிவான புரதம் மாட்டுக்கறி. அதைத் தின்றதற்காக நம்மை ஊருக்கு வெளியே வைத்தார்கள். ஜார்க்கண்டில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி மாடு அறுப்பது குற்றம். தட்டில் இருந்ததைச் சட்டம் போட்டுப் பிடுங்குவார்கள். அப்புறம் தட்டில் புரதம் இல்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

தமிழ்நாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் இங்கே 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வந்தது. நோய் கண்டவுடன் எடை, மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் பார்த்து, பிறர் துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்றும் கேட்டு, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் நிற்க முடியாத அளவுக்கு ஒருவர் மெலியும் வரை எங்கே போயிருந்தது அரசு?

2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் பிரதமர் அறிவித்தார். 2015இலிருந்து 2024 வரை புதிய நோயாளிகளின் விகிதம் குறைந்தது சுமார் 21 சதவீதம்தான். குறைத்துக் காட்டுவோம் என்றது 80. மிச்சத்தை எந்த மாத்திரையில் தேடுவார்கள்?

அன்று சாயங்காலம் படிவத்தை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் சுவரில் சாய்ந்தபடி கையெழுத்துப் போட்டார். கையெழுத்து நடுங்கியது. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. நான் ஒத்துக்கொண்டேன். மூலையில் அவருக்கென்று தனியாக ஒரு தட்டும் ஒரு டம்ளரும். டீக்கடையில் இரட்டை டம்ளர் பார்த்திருக்கிறோம், வீட்டுக்குள் இது மூன்றாவது டம்ளர். காசநோய் டம்ளரில் பரவுவதில்லை, இருமலில் காற்று வழியாகப் பரவுகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொன்னேன். ஜன்னல் இல்லை. திரும்பி வரும்போது ஒன்று உறுத்தியது. நானும் இன்று ஒரு 'மித்ரா'தான். நான் மனசு வைத்ததால் ஒரு வீட்டுக்குக் காசு போனது. மனசு வைக்காத நாட்களில் என் கவுண்டரிலிருந்து எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்?

ஆகவே நான் கேட்பது ரொம்பச் சின்னது. தமிழ்நாட்டில் ரேஷன் கடை இல்லாத ஊர் இல்லை. அங்கே இப்போது ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். ஜார்க்கண்டில் நோயைத் தடுத்தது ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. காசநோய் பதிவான நாளிலிருந்து, அந்த அட்டையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடுதலாக, இலவசமாக, வழக்கமாகக் கொடுப்பதோடு சேர்த்துக் கொடுக்கட்டும். நோயின் பேர் ரசீதில் வர வேண்டாம். மேடை வேண்டாம், போட்டோ வேண்டாம். என்னைப்போல ஒரு கிளார்க்கின் தயவும் வேண்டாம். நோயாளிக்கான ஆயிரம் ரூபாய் தனியாக வரட்டும்.

மாணவத் தோழர்கள் தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்: இந்த வருஷம் எத்தனை பேருக்குக் காசநோய், அவர்களில் எத்தனை பேருக்குப் பணம் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவர்கள் வீட்டில் எத்தனை பேரை எடை பார்த்தார்கள். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். நோயாளியின் பேரை மட்டும் எங்கேயும் சொல்லாதீர்கள்.

"வேணாம்னு எப்படிச் சொல்றது" என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். பானையில் எல்லோருக்கும் இருந்தால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு இன்னும் நோய் வரவில்லை.