காசு கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோமா?



அம்பத்தூர் ஓ.டி.யில் தொடங்கி ஆவடி, பூந்தமல்லி வரை எந்தக் கடைத்தெருவில் நுழைந்தாலும் ஒரு பிளெக்ஸ் கடை இருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டரில் 'காதுகுத்து', 'மஞ்சள் நீராட்டு', 'கண்ணீர் அஞ்சலி' என்று ஃபோல்டர் ஃபோல்டராக டிசைன்கள். சில கடைக்காரரே செய்தவை. சில, முகம் தெரியாத ஒரு ஃப்ரீலான்சரிடம் ஆன்லைனில் பணம் கட்டி வாங்கியவை. இப்போது இந்த ஃபைல்களையே மற்ற கடைகளுக்கு விற்கும் தொழிலும் சூடுபிடித்திருக்கிறது. டெம்ப்ளேட் மட்டுமல்ல, மின்னூல், போட்டித் தேர்வுக் குறிப்புகள், வெப்சைட் கோடு என எல்லாமே கைமாறுகின்றன. "காசு கொடுத்து வாங்கினதுதானே சார், வித்தா என்ன தப்பு?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவர்தான். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சேரும். ஃப்ரீலான்சர் நம்மிடம் சம்பளக்காரர் அல்ல. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர் எழுதிய கோடும் மின்னூலும் நாம் முழுப் பணம் கொடுத்த பிறகும் அவருடையவையே. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், எடுக்கச் சொன்ன திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் இந்த வகையில்தான் வரும்.

சம்பளக்காரரின் உரிமைக்கும் எல்லை உண்டு. 'போபனும் மோளியும்' கார்ட்டூனை வரைந்த டாம்ஸ் மலையாள மனோரமாவிலிருந்து விலகிய பின் வழக்கு வந்தது. வேலையை விட்ட பிறகு அவர் வரைவதற்கு நிறுவனம் உரிமை கோர முடியாது என்று 1980களின் இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

உரிமை நம் கைக்கு வர வழி என்ன? 19ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் பணம் போனதற்குத்தான் சாட்சி. "யூஸ் பண்ணிக்கோங்கண்ணா" என்ற வாட்ஸ்அப் செய்தி உரிமை மாற்றம் ஆகாது. பத்திரம் எழுதினாலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால், பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். இந்த மூன்றும் தெரியாமல் பணத்தை முடக்கியவர்கள் நிறைய.

பழைய புத்தகத்தைக் கடையில் போட்டுவிட்டு வரலாமே என்பீர்கள். போடலாம். அந்தப் பிரதி நம் கையை விட்டுப் போய்விடுகிறது. ஃபைலை விற்கும்போது புதிதாக ஒரு நகல் பிறக்கிறது. நகலெடுக்கும் உரிமை படைப்பாளியிடம் இருக்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்ய அனுமதித்தது. 2019இல் மின்னூல் விஷயத்தில் மறுத்துவிட்டது. நம் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2 அன்று ஒரு வரி வழக்கில், வெளிநாட்டு மென்பொருளை வாங்கி விற்கும் விநியோகஸ்தருக்குப் பதிப்புரிமை எதுவும் வருவதில்லை என்று விளக்கியது. அவருக்குக் கிடைப்பது, மூல நிறுவனம் கொடுத்த எல்லைக்குள் விற்கும் அனுமதி.

ஃபைவர் போன்ற ஃப்ரீலான்சர் தளங்களில், விற்பவர் வேறு நிபந்தனை போடாவிட்டால் பணம் செலுத்தியதும் உரிமை வாங்குபவருக்கு என்று விதிகள் சொல்லலாம். ஆனால் குரல் பதிவு போன்ற வேலைகளில் வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். பக்கத்தை முழுக்கப் படியுங்கள். இன்னொன்று, ஃப்ரீலான்சர் தன்னிடம் இல்லாத உரிமையை எழுதிக் கொடுக்க முடியாது. "99 ரூபாய்க்கு ஆயிரக்கணக்கான டெம்ப்ளேட்" என்று வரும் பண்டில்களில் எழுத்துருவும் படமும் வேறு யாருடையவையாகவோ இருக்கலாம். வாங்கியவர் அறியாமல் விற்றிருந்தாலும் நீதிமன்றம் தடை விதிக்கலாம். அதில் கிடைத்த லாபத்தையும் கேட்கலாம். தெரிந்தே செய்தால் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஃப்ரீலான்சராக இருக்கும் தம்பி, தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நம் பகுதியில் வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் டிசைன் செய்கிறவர்களும் கோடு எழுதுகிறவர்களும் பலர். மறுவிற்பனை உரிமை என்பது தனிப் பொருள். சும்மா தூக்கிக் கொடுக்காதீர்கள், அதற்கென்று ஒரு விலை சொல்லுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்த பின்னும், 57ஆம் பிரிவின்படி இது நான் செய்தது என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கும்.

ஒரு பக்கம் எழுதினால் போதும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, மறுவிற்பனை சேர்த்தா இல்லையா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு பணம், எழுத்துருவும் படங்களும் எங்கிருந்து வந்தன என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். நேரில் பார்க்க முடியாத ஆளாக இருந்தால் ஆதார் மூலமான மின்கையெழுத்து இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையெழுத்தை ஏற்கிறது. பெரிய தொகை என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த மாதம் உங்கள் ஃபோல்டர்களை ஒருமுறை திறந்து பாருங்கள். எந்த ஃபைலுக்குக் கையெழுத்து இல்லையோ, அதை விற்பதை இன்றே நிறுத்திவிட்டு, அதைச் செய்தவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்